ஆடுகிறவர் நாற்காலி

எங்கள் வீட்டில் மதியம் இல்லை. போன மாதம் அண்ணன் அதைச் செல்போன் ரம்மியில் தோற்றுவிட்டான். காலை முடிந்ததும் சாயங்காலம் வந்துவிடும். சோறு வடித்து இறக்குவதற்குள் விளக்கு வைக்க நேரமாகிவிடுகிறது. பழகிவிட்டது.

அதன் பிறகு கொல்லைக் கதவின் சத்தத்தைத் தோற்றான். பிறகு அப்பா படத்திலிருந்த சிரிப்பை. படம் இப்போதும் சுவரில்தான் இருக்கிறது. அப்பா அதில் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் போல இருக்கிறார்.

அம்மா அவனைத் திட்டமாட்டாள். "குடிக்கிறானா? சிகரெட்டு பிடிக்கிறானா? வீட்டோடதான கெடக்கான்" என்பாள்.

"நான் அளவாத்தாம்மா ஆடுறேன்" என்பான் அண்ணன். திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான்.

இன்றைக்கு அவன் அம்மாவின் குரலைப் பணயம் வைத்திருந்தான். விளக்கு வைத்ததும் ஆட்டம்.

மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ரம்மி விளம்பரங்களின் முடிவில் எச்சரிக்கையை வேகமாகப் பேசுகிறவர் அவர்தான். வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். மூச்சு விடமாட்டார்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

நான் விளம்பரங்களைக் கடைசிவரை பார்ப்பவள். எனக்குப் புரிந்தது.

"ஆட்டத்த விட முடியாதவங்களுக்கான உதவி ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்காம். ஆடுறவங்க அதுல போய் உக்காந்தா அதுக்கப்புறம் அவங்களால ஆட முடியாதாம். விளக்கு வைக்கறதுக்குள்ள உக்காந்தா உன் குரல் தப்பிச்சுடுமாம்."

அவர் தலையாட்டிவிட்டு மாடி ஏறினார். படிகளையும் வேகமாகத்தான் ஏறினார்.

மூவரும் போனோம். அண்ணன் மறுக்கவில்லை. நடக்கும்போதும் ஆடலாம் என்பதால் வந்தான்.

உதவி அலுவலகத்தின் தாழ்வாரம் சின்னதுதான். கடைசியில் கதவு தெரிந்தது. "தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா?" என்றாள் அம்மா. தாழ்வாரம் கொஞ்சம் நீண்டது. இன்னொரு முறை சொன்னாள். கதவு தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. நான் அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

வழியில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் தன் பெயரைத் தோற்றவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாததால் எப்போதும் முதல் ஆளாகவே காத்திருக்கிறார். எங்களை முன்னால் போகச் சொன்னார்.

அறையில் நீலப் புடவை கட்டிய மேடம் இருந்தார். எதிரே ஒரு மர நாற்காலி.

"ஆடுறது யாரு?"

"இவதாங்க" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

என்னை உட்காரவைத்தார்கள். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா என் காதில் சொன்னாள்:

"பேசாம உக்காருடி. வெள்ளிக்கிழமை அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். இங்க வந்தான்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா?"

"உன் குரலும்மா?"

"குரல் போனா போவுது. மானம் போனா வருமா?"

என் மானத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

"எப்பம்மா ஆடத் தோணும்?" என்றார் மேடம்.

நான் புடவையின் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அண்ணன் பதில் சொன்னான்.

"தோத்தா தோணும்."

"ஜெயிச்சா?"

"அப்பவும்."

"சும்மா இருக்கும்போது?"

"சும்மா இருக்கறது எப்படின்னே அவளுக்கு மறந்துபோச்சு மேடம்."

"தூக்கம்?"

"கண்ண மூடுனா சீட்டா விழுது. ஜோக்கர் மட்டும் வரவே மாட்டேங்குது. வந்தா எல்லாத்தையும் திருப்பிடலாம்னு நெனப்பா. எந்திரிச்சு உக்காந்து அழுவா. யாருக்கும் கேக்காது."

அண்ணன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கும் என்மேல் பரிதாபம் வந்தது.

"என்னங்க பண்றது, சொன்னா கேக்கமாட்டா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இனிமே இவள எந்த ஆட்டத்துலயும் சேத்துக்க மாட்டாங்க" என்றார் மேடம்.

"தாயம்?" என்றேன்.

"அதுவும் கெடையாது."

"பல்லாங்குழி?"

"கெடையாதும்மா. மனசத் தேத்திக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. அண்ணனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் ஆட்டம் நடக்கும். கொஞ்ச நேரத்தில் அதிர்வு நின்றது.

அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தையில் சத்தம் நின்றுவிட்டது. வாய் மட்டும் தொடர்ந்து அசைந்தது. தொண்டையைத் தடவிப் பார்த்தாள். மறுபடி வாயை அசைத்தாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் மேடம்.

எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "இவதான், இவதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் என்னைத்தான் காட்டியது.

அண்ணன் அந்த வாயை நெடுநேரம் பார்த்தான்.

"தப்பான ஆள உக்கார வச்சுட்டோம்ங்கறாங்க" என்றான்.

பிறகு என் தோளைத் தொட்டான். "எந்திரி பாப்பா."

எழுந்தேன். அவன் உட்கார்ந்தான். போனை எடுத்து மேடத்தின் மேசையில் கவிழ்த்து வைத்தான். அவன் கை அதன்பிறகும் போனைப் பிடித்திருப்பது போலவே வளைந்திருந்தது.

"பேரு?"

"தணிகைவேல்."

அம்மா அவன் முதுகில் அடித்தாள். சட்டையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்க, முழுத் தொண்டையில் கத்தினாள்.

அறை அமைதியாக இருந்தது. மேடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்.