மேனேஜருக்கு வந்த கூண்டு

குடியாத்தம் கெங்கையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கற்பூரம் அணைத்தும் சத்தியம் செய்வேன். வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டது, அதுதான் தடை.

எங்கள் நாயின் பெயர் மேனேஜர். பகலெல்லாம் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை முறைப்பதால் என் மகன் கோபி வைத்த பெயர். கோபியும் மருமகள் பூர்ணிமாவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறரைக்குத்தான் இறங்குவார்கள். அதுவரை வீட்டில் நானும் மேனேஜரும்தான்.

பூர்ணிமாவுக்கு சாம்பிள் பிரிவில் வேலை. ஜெர்மனிக்குப் போக வேண்டிய சாம்பிள் ஷூ ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் மாலை பார்த்தால் அதற்கு முனை இல்லை. அந்த வாரமே இன்னொன்று. மூன்றாவதும் போனதும் இரும்புக் கூண்டு ஒன்று வந்து கூடத்தில் உட்கார்ந்தது.

"மாமா, நாங்க கெளம்புனதும் இத உள்ள போட்டுடுங்க. ராத்திரியும் இதுலதான். இன்னொரு ஷூவக் கடிச்சா நெமிலில எங்கண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"இன்னாம்மா, வாயில்லா ஜீவன..."

"வாய் இருக்கவேதான் மாமா கடிக்குது."

"கூண்டுன்னா ஜெயில் இல்லப்பா," என்றான் கோபி, போனைப் பார்த்தபடி. "நாய்க்கு அது ரூம் மாதிரியாம். சந்தோஷமா இருக்குமாம்."

"அப்ப உனக்கும் ஒண்ணு வாங்கிக்கடா."

அவர்கள் போனதும் மேனேஜருக்குக் கூண்டைக் காட்டினேன். கூண்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. நகரவில்லை. போர்வை விரித்தேன், பிஸ்கட் போட்டேன். ம்ஹூம். பயமில்லை என்று காட்டலாமென நானே தவழ்ந்து உள்ளே போனேன். திரும்புவதற்குள் மேனேஜர் மூக்கால் கதவைச் சாத்தி, முன்னங்காலால் தாழ்ப்பாளையும் தள்ளிவிட்டது.

அதன் பிறகு வீட்டை அதுதான் நடத்தியது. பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தது. பதினோரு மணிக்கு டிவியைப் போட்டு, சீரியல் பிடிக்காமல் நியூஸுக்கு மாற்றியது. சாப்பாட்டு நேரத்தில் தன் தட்டை என் பக்கம் தள்ளியது. நாய் பிஸ்கட்டைக் கடக்முடக்கென்று தின்றேன். உப்பு கம்மி.

மூன்று மணிக்கு நிசார் அஹமது வந்தார். நாற்பது வருஷம் என்னோடு தோல் ரகம் பிரித்த தோஸ்த். மேனேஜர்தான் கதவைத் திறந்தது.

"இன்னா வேதாசலம், உள்ள இன்னா பண்ற?"

"தொறந்து விடு பாய்."

மேனேஜர் உறுமியது. நிசார் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"காத்து வருதா?"

"வருது."

"எங்க வீட்ல பசங்க பேஜார் ஜாஸ்தி. என் சைஸுக்கு ஒண்ணு கெடைக்குமான்னு கோபிய கேட்டுச் சொல்லு."

டீ போட ஆளில்லாத வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவார்? போய்விட்டார்.

ஆறரைக்குப் பூர்ணிமா வந்தாள். கூண்டுக்குள் மாமனார், வெளியே நாய். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்குப் போய்ப் புது சாம்பிளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. கூண்டு நல்லா வேலை செய்யுது."

கோபி என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். "நாய் வெளியதான இருந்துது? அப்ப இத்தன நாளா கடிச்சது..."

இனி மறைத்துப் பயனில்லை. நாற்பது வருஷம் தோலோடு கிடந்தவன் நான். நல்ல தோலைக் கண்டால் ஓரத்தைக் கடித்துப் பதம் பார்க்காமல் மனசு கேட்காது.

"நான்தாம்மா," என்றேன். "மூணையும் நான்தான் கடிச்சேன்."

"மூணாவது ஷூவுல குதிகாலே காணோமே மாமா?"

"அது செகண்ட் குவாலிட்டிம்மா. கோவத்துல கடிச்சிட்டேன்."

பூர்ணிமா தாழ்ப்பாளைத் திறந்தாள். அன்றிலிருந்து மேனேஜர் ராத்திரியும் பகலும் வெளியேதான். நெமிலிப் பேச்சே எழவில்லை. என்னை நம்பாமல் சாம்பிள்களை மட்டும் பீரோவில் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோகிறாள்.

எனக்குக் கடைசிப் பல்லும் விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது.