தொட்டால் அடிக்கும் மணி

1

இந்தக் கதை ஓர் இஸ்திரிப் பெட்டியின் அடியில் பிறந்தது. அண்ணி வீட்டுப் பெட்டியில் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். முதுகில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. சண்டை போடப் போய்க் கதையோடு திரும்பினேன். (சட்டை போனது போனதுதான்.)

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘தாமிரத் தகட்டின் மேல் ஒரு பெண் தவம்…’

அடித்துவிட்டேன். அண்ணி கொட்டாவி விட்டுக்கொண்டுதான் தேய்த்தார்.

2

விஷயம் இதுதான். பக்கவாதம் என் அண்ணனுக்கு ஒரு விரலின் லேசான அசைவை மட்டும் விட்டுவைத்தது. பேச்சில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று கேட்டால் மருத்துவர் உதட்டைப் பிதுக்குகிறார். அண்ணியோ, “எல்லாம் புரியுது, பிடிவாதம்” என்கிறார்.

கடையில் வாங்கிய மணியை அழுத்த வேண்டும். அந்த விரலுக்குத் தொட மட்டுமே முடியும். ரேடியோ கம்பெனியில் ஒயர்களைப் பற்றவைத்தே ஓய்வு பெற்றவர் அண்ணி. தொட்டாலே அடிக்கும் மணிக்குத் தானே சர்க்யூட் போர்டு செய்ய உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தால், அந்த உடம்புக்குள்ளே அண்ணன் இருக்கிறார் என்று அர்த்தம்.

3

(செய்முறை பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். நானும் தாவியிருப்பேன்.)

வழவழப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்டரால் பக்கம் பக்கமாக இரண்டு கோடுகளை அச்சடித்து, தாமிரத் தகட்டில் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் சூடாகத் தேய்த்தால் டோனர் என்கிற கருப்பு மை தகட்டுக்கு மாறிவிடும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரிக்க வேண்டும். பிறகு அரிக்கும் கரைசலில் போட்டால் டோனர் மூடாத தாமிரமெல்லாம் கரைந்துபோகும், கோடுகள் நிற்கும். இரண்டு கோடுகளையும் விரல் சேர்த்துத் தொட்டால் மணி அடிக்கும்.

ஆயிரம் தகடுகள் பாழாயின. (சரி, ஐந்தாறு.) சூடு குறைந்தால் ஒட்டவில்லை; கூடினால் கோடுகள் இழுபட்டன.

கிழிந்து கிடந்த தாளைப் பார்த்தேன்.

“அண்ணி, இது என் கதை வந்த பக்கம்!”

“வேற எதுவும் இவ்வளவு வழவழன்னு இல்ல தம்பி.”

“ஒட்டுச்சா?”

“நல்லா ஒட்டுது. உரிக்கத்தான் முடியல. உங்கள மாதிரியே.”

4

இன்று காலை ஒரு தகடு தேறியது. அண்ணி அதை அண்ணனின் விரலடியில் வைத்தார். மணி அடிக்கவில்லை. மதியமும் அடிக்கவில்லை.

(இங்கே அண்ணியை அழவைத்திருந்தேன். மதியமே படித்துவிட்டு, “அழறதுக்குத் தெம்பு ஏது? எடுத்துடுங்க” என்றார். எடுத்துவிட்டேன்.)

என்னைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன்.

மணி அடித்தது.

தலை நிறையச் சோப்பு நுரையோடு, சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னங்க, கூப்பிட்டீங்களா? தண்ணியா? திரும்பிப் படுக்கணுமா?”

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“சரி, இன்னொரு தடவை தொடுங்க. எனக்காக.”

ஒன்றுமில்லை.

5

முடிவு ஒன்று: அண்ணன் கூப்பிட்டார்.

முடிவு இரண்டு: கோடுகளுக்கு நடுவே, இரண்டையும் தொட்டும் தொடாமல், முடி போல ஒரு தாமிர இழை கரையாமல் மிஞ்சியிருக்கிறது. அப்படியிருந்தால் குளியலறை ஈரக்காற்றே போதும், மணி தானாக அடிக்கும். தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும்.

“பாத்துடலாமா அண்ணி?”

அவர் கண்ணில் நுரை வழிந்தது. துடைக்கவில்லை.

“தலைய அலசிட்டு வரேன். அதுக்குள்ள அதுமேல கை வச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்.”

போய்விட்டார். ஜன்னலில் நல்ல வெயில். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். தகடு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?