சுவர் ஓட்டையில் ஒரு ஏரோப்பிளேன்

அழகம்மா அம்மிக் குழவியை எடுத்து ஆணியின் தலையில் நாலு போடு போட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்கள் காம்பரா ஒற்றை அறைதான்; சுவர் கல்லும் களிமண்ணும் கலந்தது. கல்லில் பட்டால் ஆணி வளையும், மண்ணில் பட்டால் மண் உதிரும். எப்படியோ நாலு மூலைக்கும் நாலு ஆணி நின்றுவிட்டது. ஒரு சொம்பு நுழைகிற அளவுக்குச் சுவரில் இருந்த ஓட்டை படத்துக்குப் பின்னால் மறைந்துபோனது.

படம் பங்களாவிலிருந்து வந்தது. சீமைக்குத் திரும்பிப் போகிற துரை சாமான்களைக் கட்டும்போது சட்டம் விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்கிற அழகம்மாவின் புருஷன் வீரய்யாதான் சில்லுகளையெல்லாம் பொறுக்கினான். துரைசாணி படத்தைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். வெளிர்நீல வானம், அடியில் பஞ்சு மேகம், நடுவில் வெள்ளி மாதிரி மின்னுகிற ஒரு சண்டை ஏரோப்பிளேன். மூக்கில் காற்றாடி கிடையாது. பின்னால் இரட்டை வால்.

"காத்தாடி இல்லாம எப்புடிங்க பறக்கும்?"

"இது ஜெட்டாம் புள்ள. நெருப்ப வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு பின்னால ஊதிக்கிட்டே ஓடுமாம். தொரையோட தம்பி ஓட்டுனதாம்."

"நெருப்ப ஊதிக்கிட்டா? அப்ப நம்ம கங்காணி மாதிரின்னு சொல்லுங்க."

"அவர ஏன் இழுக்கிற? நெருப்ப ஊதுற ஆளு நம்ம காம்பராவுலயே இருக்கே" என்று சொல்லிவிட்டு வீரய்யா முகம் கழுவப் போனான்.

அவன் எதைச் சொல்கிறான் என்று அழகம்மாவுக்குத் தெரியும். போன வாரம் பீலிக்கரையில் பெண்கள் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றபோது, பக்கத்துக் காம்பராச் சண்முகவடிவு இவளுடைய குடத்தைச் சற்றே நகர்த்தித் தன் குடத்தை வைத்தாள். அவ்வளவுதான். "ஒரு புள்ளையப் பெத்திருந்தா அடுத்தவ அவசரம் தெரியும்" என்று சொல்லிவிட்டாள் அழகம்மா. வடிவு பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பதினெட்டு வருஷமாக இரண்டு காம்பராவுக்கும் நடுவிலிருந்த அந்தச் சுவர் ஓட்டை வழியாகத்தான் அடுப்புக்கு நெருப்பும், குழம்புக்கு உப்பும், ஊர்க்கதையும் போய் வந்தன. அழகம்மாவின் மூன்று பெண்களும் சின்ன வயதில் அதற்குள் கையை நீட்டினால் கருப்பட்டித் துண்டு கைக்கு வரும். மூவரையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாட்களில் அவர்களைப் பெற்றவளைவிட வடிவுதான் அதிகம் அழுதாள். சொன்ன சொல் தப்பு என்பது அழகம்மாவுக்குக் குடம் நிறைவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த முகத்தை ஓட்டை வழியாகப் பார்க்க நேர்ந்துவிடுமே என்ற பயத்தில்தான் படத்தை அங்கே அடித்தாள். அந்தப் பக்கம் வடிவு களிமண் வைத்து அடைத்திருப்பாள் என்றும் நினைத்துக்கொண்டாள். தானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள்.

மூன்றாம் நாள் பொழுது சாய மலையில் கொழுந்து கிள்ளிவிட்டு வந்தாள். வெளியே பனி இறங்கிவிட்டது. கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இருட்டுக் காம்பராவுக்குள் அந்தப் படத்து வானம் மட்டும் விடிந்துகொண்டிருந்தது. மேகத்தின் ஓரம் மஞ்சளாகி, ஏரோப்பிளேனின் வயிற்றடி பொன்னாக மினுங்கியது. அவளுக்குப் புல்லரித்தது. விளக்கேற்றியதும் அது சாதாரணப் படமாகிவிட்டது.

வீரய்யா வரும்போது காம்பராவில் எப்போதும் விளக்கு எரியும். அதனால் அவன் அதைப் பார்த்ததே இல்லை. "தொர ஊட்டுக் காயிதம்னா சும்மாவா?" என்றான். அழகம்மாவும் அப்படித்தான் நம்பினாள். சீமைக் காகிதம் பகல் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் கக்குகிறது போலிருக்கிறது. ஆனாலும் தினமும் அந்த நேரத்தில் தன்னையறியாமல் கை கூப்பினாள். முருகா, அந்தப் பேச்சுப் பேசினவளுக்கும் வெளிச்சம் காட்டுகிறாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். படத்தின் மூலையில் விரல் நுனியால் கொஞ்சம் திருநீறும் வைத்தாள்.

"ஏரோப்பிளேனுக்கே பட்டையா? இனி அது பழனிக்குத்தான் போகும்" என்று சிரித்தான் வீரய்யா.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. மலையில் வடிவும் அவளும் இரண்டு நிரை தள்ளியே கொழுந்து கிள்ளினார்கள்; வேலை முடிந்ததும் வடிவு முந்திக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவாள். ஒரு நாள் காலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு வடிவு வரவில்லை. அவள் புருஷன் செல்லசாமி தங்கை வீட்டு விசேஷத்துக்காக முதல் நாளே உடப்புசல்லாவைக்குப் போயிருந்தான். அவளும் இன்று விடியுமுன் கிளம்பிப் பின்னால் போயிருப்பாள் என்று அழகம்மா எண்ணிக்கொண்டாள்.

அன்று பொழுது சாய வந்து கதவைத் திறந்தபோது வானம் விடியவில்லை.

அழகம்மா வெகுநேரம் நின்றாள். நான் செய்த பாவம் கடைசியில் இதையும் அணைத்துவிட்டதோ என்று பயந்தாள். கிட்டப் போய்ப் படத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். காகிதம் உள்ளே பள்ளமாகப் போனது. களிமண் இருந்தால் கை தட்டுமே! காதை வைத்தாள். அந்தப் பக்கமிருந்து மெல்லிய முனகல் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை நாளும் விடிந்தது சீமைக் காகிதம் அல்ல. பக்கத்துக் காம்பராவின் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். திரும்பி ஓடி வந்து படத்தை ஒரே இழுப்பில் கிழித்தாள். வானம் கிழிந்தது. ஏரோப்பிளேன் தப்பிவிட்டது.

"வடிவு! ஏ வடிவு!"

"அழகா..." என்றது ஓட்டைக்குக் கீழே ஒரு குரல். "காச்சலு புள்ள. நேத்து ராவுலேர்ந்து. எந்திரிச்சா தல சுத்துது."

அழகம்மா மல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தாள். டம்ளரை ஓட்டைக்குள் நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு கை தடவித் தடவி வந்து வாங்கிக்கொண்டது. அந்தக் கையின் கொதிப்பு இவள் விரலைச் சுட்டது. முகம் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, வாய் வந்துவிட்டது.

"வடிவு, அன்னைக்குப் பீலியில நான் பேசுனது பெரிய பாவம். என் நாக்கு அழுகிப் போவட்டும்."

குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அழகம்மா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாக்கு அழுகிட்டா நான் யாருகூட சண்ட போடுறது?" என்றது குரல். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ராத்திரியெல்லாம் அழுதேன் புள்ள, அன்னைக்கு."

"தெரியும்."

"தெரியாது. தெரிஞ்சா அடைச்சிருப்பியா?" டம்ளர் ஓட்டைக்குத் திரும்பி வந்தது. "இஞ்சி ரொம்பப் போட்டுட்ட. தொண்ட எரியுது."

அழகம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "வெளக்க ஏன் இந்தப் பொந்துல வச்ச?"

"நீ மறைச்ச பெறகு காத்து வரல. வெளக்கு ஆடாம நின்னுச்சு." பிறகு, "ஒங்க காம்பரா கெணறு மாதிரி இருட்டு. நெருப்புப்பெட்டி தேடுறேன்னு எங்கயாச்சும் முட்டிக்குவ. அதுக்குந்தான்."

இரண்டாவது டம்ளருக்குப் பிறகு வடிவு தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வீரய்யா வந்ததும் வராததுமாகத் தோட்டத்து மருந்துக்காரரை அழைத்துவர ஓடினான். செல்லசாமி திரும்பி வரும் வரைக்கும் அழகம்மா தன் பாயை அங்கேதான் விரித்தாள்.

ஆறாம் நாள் காலை பொடித்தூறல். காய்ச்சல் விட்டிருந்தாலும் வடிவுக்குக் கால் இன்னும் வலுக்கவில்லை. ஆனாலும் பெரட்டுக்கு வந்தே தீருவேன் என்றாள். தூறலுக்குத் தலையில் போர்த்துகிற அவளுடைய கம்பளி நனைந்து கொடியில் தொங்கியது. பெரட்டுக் களத்தில் நின்ற கங்காணி ஆட்களை எண்ணிக்கொண்டே மேலே பார்த்தார். லயத்திலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், பனிக்குள்ளே, ஒரே கம்பளி நாலு கால்களோடு மெதுவாக வந்துகொண்டிருந்தது. வளைவில் மூச்சு வாங்க நின்றது. உள்ளே ஏதோ சிரிப்பு. மறுபடி இறங்கத் தொடங்கியது.