ரேடியேட்டருக்குப் போர்த்திய சாக்கு

நவநீதன் டாக்ஸிக்கு வாங்கிவந்த வண்டியைப் பார்க்க ஊட்டி பெர்ன்ஹில்லே திரண்டு வந்தது என்றால், அதில் கால்வாசியாவது உண்மை. எட்டுப் பேர் உட்காரும் ராட்சச வண்டி. அது சந்துக்குள் நுழைந்ததும், எதிரே வந்த சவாரிக் குதிரை அப்படியே பின்னங்காலால் நடந்து மெயின்ரோட்டுக்குப் போய் ஒதுங்கி நின்றது. கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டில் சின்னதாகத் தேயிலை வைத்திருக்கும் அலன் என்பவரிடம் வாங்கிய பழைய வண்டிதான். ஆனாலும் கழுவித் துடைத்து நிறுத்தினால் மாப்பிள்ளை அழைப்புக்குத் தயாராக நிற்பதுபோல இருக்கும்.

அதற்குத் தீனி போடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. முதலில் சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்து, ஒவ்வொரு குழியிலும் பழைய கட்டில்போல முனகியது. அடுத்து மேற்கூரைக் கண்ணாடி ஒழுகி, கடைசி சீட்டில் வந்த டூரிஸ்டுகள் வண்டிக்குள்ளேயே குடை பிடித்தார்கள். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் ஒன்றின் விலைக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம் என்று மெக்கானிக் ஆறுக்குட்டியே சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடி போடுவது பில் எழுதும்போது மட்டும்தான். அவர் கை சட்டைப் பையை நோக்கிப் போனாலே நவநீதனுக்கு வியர்க்கும்.

நவநீதனின் மாமனார் மாரிச்சாமி, எஸ்டேட் ஃபேக்டரியில் லாரி ஓட்டி ரிடையர் ஆனவர். அவர் சொல்லும் கணக்குப்படி, குந்தா காட்டில் அவருடைய லாரிக்கு வழிவிடாத யானையே கிடையாது. பெண்டாட்டி போனபிறகு மகள் சசிரேகா வீட்டில்தான் இருக்கிறார். வண்டி வந்த புதிதில் அழுக்கு போகட்டும் என்று பானெட்டைத் திறந்து எஞ்சினைக் குளிப்பாட்டிவிட்டார். உள்ளே இருந்த ஒயரெல்லாம் ஜன்னி கண்டு படுத்துக்கொண்டது. அன்றைக்கு மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. இனி வண்டியில கை மட்டும் வெச்சுராதீங்க."

கை வைக்காமல்தான் இருந்தார், ஜனவரி வரும்வரை.

அந்த வருஷப் பனி சாதாரணப் பனியில்லை. கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பலகைபோலத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அப்படியொரு நாள், மறுநாள் விடிவதற்குள் மாப்பிள்ளை மேட்டுப்பாளையம் இறங்கி, ரயிலில் வரும் ஒரு குடும்பத்தை ஏற்றிவர வேண்டும். இந்தக் குளிரில் எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்ற கவலை மாரிச்சாமிக்கு. எஸ்டேட்டில் பனிக்காலம் வந்தால் லாரி முகப்பில் கோணிச்சாக்கைக் கட்டி ரேடியேட்டரைப் போர்த்திவிடுவார்கள். எஞ்சின் சூடானதும், காற்றுப் படாமல் வெந்துவிடக் கூடாதென்று அவிழ்த்துவிடுவார்கள். சாக்கு வெளியே தொங்குவதால் யாரும் மறக்க முடியாது. ஆனால் இங்கே வெளியே தொங்கினால் மாப்பிள்ளை பார்த்துவிடுவாரே. பொழுது சாய்கிற நேரத்தில், சாக்கை மடித்து முன்கம்பிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நைசாகச் சொருகிவிட்டார். காலையில் முதலில் எழுந்து எடுத்துவிடுவதாகத்தான் திட்டம்.

அதிகாலை இருட்டில் அவர் எழுந்தபோதே மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். சும்மா துணைக்கு என்று மாரிச்சாமியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஏறியவர் அந்தக் கதகதப்பில் சாக்கை அடியோடு மறந்தே போனார். இறக்கத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மேட்டுப்பாளையத்தில் ஒரு குடும்பமும், ஊரையே காலி செய்து வந்ததுபோல மூட்டைகளும் ஏறின. பர்லியார் தாண்டி ஏற்றம் நிமிர்ந்தபோது பின்சீட்டு அம்மா கேட்டார், ஊட்டிக் குளிருக்கு நீங்களெல்லாம் என்னதான் போர்த்திக்கொள்வீர்கள் என்று.

போர்த்துவது என்ற சொல் காதில் விழுந்ததும் மாரிச்சாமிக்குச் சாக்கு ஞாபகம் வந்தது.

"மாப்பிள்ளை, வண்டியை நிறுத்துங்க" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? ஆனால் நிறுத்தினால் சாக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் யார் வைத்தது என்ற கேள்வி வரும், அதுவும் விருந்தாளிகள் முன்னால். மெதுவாகத் தலையைத் திருப்பி சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது நட்டநடுவில் தியானத்தில் இருக்கும் சாமியார்போல அசையாமல் நின்றது. முள்ளே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் முள்ளைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் அது அவருக்கு மன்னிப்பு கொடுத்தது.

காட்டேரி தாண்டியதும் பானெட்டிலிருந்து கிளம்பிய புகையில் கேத்தி பள்ளத்தாக்கே மறைந்துபோனது. நவநீதன், ரயிலில் வந்த குடும்பத்தை வேறு வண்டியில் ஏற்றிவிட ரோட்டுக்கு ஓடினார். அந்த இடைவெளியில் மாரிச்சாமி பானெட்டைத் தூக்கி, விரல் சுட்டாலும் விடாமல், கருகிய சாக்கை உருவித் தேயிலைக்குள் வீசினார்.

ஆறுக்குட்டி பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சின் ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கட் வெந்துவிட்டது, ரேடியேட்டர் டேங்க் வாய் பிளந்துவிட்டது. ஹெட்டை நிமிர்த்தக் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். சீசன் முழுக்க ஓட்டினாலும் எட்டாத தொகை அது. நவநீதனுக்கு வந்த கோபமெல்லாம் அலன்மேல் திரும்பியது. டாக்ஸி ஸ்டாண்டில் நின்று, வெந்த எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டான், கட்டபெட்டுத் திருடன் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். ஊட்டியில் பேசினால் கோத்தகிரியில் எதிரொலிக்கும். மாரிச்சாமிக்கோ சோறு இறங்கவில்லை. சசிரேகா வாயுவென்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்தாள். மாப்பிள்ளை அலனைத் திட்டத் திட்ட, அவர் டம்ளர் டம்ளராகக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அலனே ஒர்க்ஷாப்புக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று மாரிச்சாமி ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் நகர்ந்தார். அலன் சண்டை போடவில்லை.

"ஏனுங்க நவநீதன், அந்த முள்ளு ரெண்டு வருசமாவே அப்பிடியேதானுங்க நிக்குது. சொல்லோணும்னு நெனச்சேன், நீங்க கேக்கல, நானும் உட்டுட்டேன். முள்ளு வேலை செஞ்சிருந்தா நீங்க நேரத்துல நிறுத்தியிருப்பீங்க. தப்பு என்னுதுதான். இலை வெட்டுற மிஷினுக்கு வெச்சிருந்த காசு, எடுத்துக்கங்க."

ஒரு கவரை நீட்டினார். நவநீதனும் கை நீட்டினார்.

மாரிச்சாமிக்கு இதைவிடச் சுலபமான விடுதலை ஏழு ஜென்மத்திலும் வராது. சும்மா நின்றால் போதும். ஆனால் அந்த மனுஷன், தான் வளைக்காத ஹெட்டுக்காகத் தலை குனிந்து நிற்கிறார். கால்கள் தாமாகவே டயரைச் சுற்றி வெளியே வந்துவிட்டன.

"மாப்பிள்ளை, வாங்காதீங்க. ரேடியேட்டருக்குச் சாக்குப் போர்த்திப்போட்டேன். பர்லியார்லயே ஞாபகம் வந்துருச்சு. சொல்லல."

ஆறுக்குட்டியின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. நவநீதன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"பர்லியார்லயேவா?"

"பர்லியார்லயேதான்."

அதற்குமேல் நடந்த தகராறை ஊட்டி அதற்குமுன் கண்டதில்லை. பாதியாவது என்னுது என்று அலன் கவரை நீட்ட, மொத்தமும் என்னுது, என் பென்ஷனில் கழிக்கிறேன் என்று மாரிச்சாமி தள்ளிவிட, கவர் அங்குமிங்கும் போய் கிரீஸ் அப்பிக் கறுத்தது. பில்லுக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வதைத் தன் தொழிலிலேயே இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் ஆறுக்குட்டி.

நவநீதன் சிரிக்கவில்லை.

"காசை நீங்க ரெண்டு பேரும் என்னவோ பண்ணிக்கங்க மாமா. இவரைத் திருடன்னு ஸ்டாண்டுல பேசிப்போட்டேன். அதை எந்த லேத்துல குடுத்து நிமித்தறது?"

மூன்று பேரும் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். டீக்கடை பெஞ்சில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாரிச்சாமி வாயைத் திறந்தால் யானையாவது வரும் என்று ஆவலாகத் திரும்பினார்கள். யானை வரவில்லை. சாக்கு வைத்ததையும், ஞாபகம் வந்தும் பேசாமல் இருந்ததையும், அலன்மேல் பழி போனபோது கேட்டுக்கொண்டு ஓமத்தண்ணி குடித்ததையும் ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். முள்ளைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் விசாரிக்காமலே திருடன் என்று பேசியது தப்பு என்று நவநீதனும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் நகர்ந்து, "உக்காருங்க அலன்" என்று இடம் விட்டார். மாரிச்சாமிக்கு யாரும் நகரவில்லை. அவர் நின்றுகொண்டே டீ குடித்தார்.