ஒன்று என்று எழுதிய கட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குப் பிரேம் பொருத்தி, பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது என் வேலை. யாராவது கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வேன். கதை படிக்கிற பழக்கம் உண்டா, கடைசியாக என்ன படித்தீர்கள், அதற்குப் போய் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று ஆரம்பித்து, நாலு நாவல் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவேன். ஆறு மாதம் கழித்து ஸ்க்ரூ முடுக்க வருகிறவர், நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது புத்தகம் இருக்கிறதே என்று பேச்செடுத்தால், அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற என்னால் கூடப்பிறந்த தங்கைக்கு ஒரு புத்தகம் சொல்ல முடியவில்லை.

அவள் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். காலையில் வேலைக்குக் கிளம்பின மனுஷன், மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவ்வளவுதான். என் தங்கை என்னைவிடப் பெரிய படிப்பாளி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அத்தியாயம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். அவர் போன பிறகு அவள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அழவும் இல்லை. ஆபீஸ் போவாள், வருவாள், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். துக்கத்துக்கு மருந்து என்று நானாக முடிவு செய்து, கனமான நாவல்களாகப் பார்த்து வாரம் ஒன்று கொண்டு போனேன். எல்லாம் அவள் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. ஏண்டி தொடக்கூட மாட்டேன் என்கிறாய் என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"நாலு பக்கம் போனா, இதுல யாருக்கு என்ன ஆகப்போகுதோன்னு பயமா இருக்கு அக்கா. மூடி வச்சிடறேன்" என்றாள்.

என் தங்கை அந்த நாற்காலியிலேயே கல்லாகிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

எங்கள் கடையின் பின்கட்டில் லென்ஸை பிரேமின் அளவுக்குத் தேய்க்கிற மெஷின் இருக்கிறது. அதை ஓட்டுகிறவரைப் பிளேடு அண்ணன் என்போம். பேச்சு காரணமில்லை, மனுஷன் பேசுவதே அபூர்வம். புத்தகங்களைப் பிளேடால் அறுப்பார், அதனால் வந்த பெயர். ஒரு லென்ஸ் தேய நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்கு அவருக்குக் கதை வேண்டும். மெஷினிலிருந்து தண்ணீர் தெறிக்கும், முழுப் புத்தகம் நனைந்து ஊறிவிடும் என்று, நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அறுத்து, மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்துப் பின் அடித்து, ஒரு கட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எல்லாம் கொலை, துப்பாக்கி, மர்ம பங்களா ரகம். முதல்முறை பார்த்தபோது, இது பச்சைக் கொலை அண்ணே என்று சண்டை பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த லென்ஸை எடுத்தார். அதன்பிறகு அவர் ரசனையைப் பற்றி நான் அடிக்காத கிண்டல் இல்லை.

தங்கையைப் பற்றிக் கடையில் நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர்தான் ஒருநாள் தானாக வந்து சொன்னார். "முழுப் புத்தகத்தக் கையில குடுத்தா மலையாத் தெரியும்மா. ஒரு துண்டு குடுத்துப் பாருங்க."

உங்கள் பங்களா பேயெல்லாம் என் தங்கைக்கு வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் அவர் கை கழுவப் போயிருந்த நேரம், வீம்பு ஒரு பக்கம், தங்கை முகம் ஒரு பக்கம் என்று பின்கட்டில் போய் நின்றேன். அலமாரியில் ஒரே நாவலின் இருபத்திரண்டு கட்டுகள் வரிசையாக இருந்தன. கேட்டு எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஒன்று என்று எழுதியிருந்த கட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் தங்கை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கடை திறந்து பத்து நிமிஷம் இருக்கும். தங்கை போன் செய்தாள். எட்டு மாதத்தில் அவளாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, நீ வச்சுட்டுப் போனது கடைசி அத்தியாயம். கீழ முற்றும்னு போட்டிருக்கு. இன்ஜினியரக் கொன்னது அவரோட கூட்டாளிதானாம்."

நம்பரைத் தப்பாகப் போட்ட அந்தப் பிளேடு அண்ணனை என்ன செய்கிறேன் பார் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"இரு. அந்தக் கூட்டாளி ஏன் செருப்பில்லாம வந்து நிக்கிறான்? இதுக்கு முந்தின துண்டு இருக்கா?"

நான் பின்கட்டுக்கு ஓடினேன். பிளேடு அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்தார். "அய்யோ, கேட்டிருக்கக் கூடாதாம்மா? எத்தன கட்டு மிச்சம்னுதான் நான் நம்பர் போடுவேன். ஒண்ணுன்னா ஒண்ணுதான் மிச்சம். கதை தீந்துடுமேன்னு அப்பத்தான் மெதுவாப் படிப்பேன்." அவசரக்குடுக்கை என்று அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. இருபத்திரண்டாம் கட்டை எடுத்து, தூசி தட்டி, இதுதான் ஆரம்பம் என்று என் கையில் வைத்தார்.

அதை வாங்கத் தங்கை மறுத்துவிட்டாள். இரண்டாம் நம்பர்தான் வேண்டுமாம். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு மர்மக் கதையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆக வேண்டியதெல்லாம் ஆயிடுச்சுல்ல. இனிமே புதுசா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதனாலதான் படிக்க முடியுது" என்றாள்.

அன்றிலிருந்து நான்தான் தபால்காரி. வேலை முடிந்ததும் ஒரு கட்டைக் கொண்டு போய்க் கொடுப்பேன், படித்ததை வாங்கி வருவேன். இரண்டு, மூன்று, நான்கு என்று அவள் கதையின் பின்புறமாக நடந்துகொண்டே போனாள். தினமும் ஒரு சந்தேகம் கேட்பாள். அந்த நாவலைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான், பதிலுக்காகப் பிளேடு அண்ணன் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிற்பேன். பிறகு வெட்கத்தை விட்டு பஸ்ஸில் நானும் படிக்க ஆரம்பித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தான் பாவி. அவள் மேஜையிலும் மாற்றம் தெரிந்தது. சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது, படிப்பு மும்முரத்தில். அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? நானே கழுவி வைத்தேன்.

பதினேழாம் கட்டில் இன்ஜினியரின் உடலை ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். அதை எப்படிக் கொடுப்பது என்று பயந்துகொண்டே கொடுத்தேன். கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அடுத்த நாள் பதினெட்டு. அதற்கு மறுநாள் மத்தியானம் நான் ஒரு வாடிக்கையாளரின் காதில் பிரேமை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, இன்ஜினியர் வந்துட்டாரு. உக்காந்து பேசிட்டிருக்காரு."

வாடிக்கையாளர் காத்திருந்தார். எனக்குப் போனை வைக்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேகம் குறைந்தது. ஒரு கட்டை இரண்டு நாள், மூன்று நாள் வைத்துக்கொண்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை. இருபத்திரண்டாம் கட்டைக் கொடுத்த அன்று என்னைப் போகவிடாமல் உட்கார வைத்து, சத்தமாகப் படித்தாள். இன்ஜினியர் கட்டப்போகிற பாலத்துக்கு இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை. அவர் முதல் நாள் வேலைக்குக் கிளம்புகிறார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறார். மனைவி வாசலில் நிறுத்தி, அவிழ்த்து, சரியாகப் போட்டுவிடுகிறாள். அவர் போய் வருகிறேன் என்கிறார்.

அங்கே நிறுத்தினாள். "இவருக்கு இன்னும் ஒண்ணும் ஆகல அக்கா" என்றாள். "அன்னிக்கு நான் அடுப்படியில இருந்தேன். போயிட்டு வரேன்னு சொன்னாரு. சரின்னுகூட நான் திரும்பிச் சொல்லல."

இத்தனை மாதமாக உள்ளேயே கிடந்த அழுகை அப்போது வந்தது. நான் தடுக்கவில்லை. என் சிபாரிசு லட்சணம் எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். அழுது ஓய்ந்து முகம் கழுவி வந்தவள், மேஜைமேல் நான் அடுக்கியிருந்த அத்தனையையும் தாண்டிப் போய், தன் பீரோவிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள்.

"இத அந்த அண்ணனுக்குக் குடு. எனக்கு ரொம்பப் பிடிச்சது. அறுக்கணும்னாலும் பரவாயில்ல, ஆனா முதல்லருந்தே படிக்கச் சொல்லு."

மறுநாள் நேரே பின்கட்டுக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தை அவர் கையில் வைத்தேன். நன்றி அண்ணே, நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பிளேடு அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.