காக்கை கொத்திய சிவப்பரிசி

முனியம்மா வீட்டுக் கொல்லையில் காக்கை கொத்திக்கொண்டிருந்த சோற்றுப் பருக்கை சிவப்பாக இருந்தது. சுந்தரவல்லி அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தம்மாவுக்கு அது கைவந்த கலை. கடைக்காரன் நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்க்கிற ஆள். புருஷன் ராஜகோபாலன் கொஞ்சம் தாமதமாக வந்தால் பஸ் டிக்கெட்டைக் காட்டச் சொல்வாள் என்று செங்கல்பட்டில் அவர்கள் தெருவே சிரிக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தக் குப்பத்துக்குள் சிவப்பரிசி எப்படி வந்தது?

கேட்க வேண்டிய கேள்விதான். கடப்பாக்கத்தைத் தாண்டிக் கடலோரமாய் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம். அதை ஒட்டி மீனவர் குப்பம். நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் பட்டினியாய்ப் படுக்கக் கூடாது என்று ஓர் அறக்கட்டளை அரிசி கொடுத்து வந்தது. அந்தத் திட்டத்துக்குத் தலைவி சுந்தரவல்லி. முகாமுக்குச் சிவப்புக் குத்தரிசி. அது அவர்களுடைய ஊர்ப் பழக்கம். குப்பத்துக்கு வெள்ளைப் புழுங்கல். சிவப்பைக் குப்பத்தில் ஒருவரும் சீந்த மாட்டார்கள்.

எந்த வீட்டில் சாப்பிடுகிறார்கள், எந்த வீட்டில் இல்லை என்று மாதா மாதம் விசாரிக்க வேண்டும். அவளவள் தன் பக்கத்துக்குச் சாதகமாகப் புளுகுவாள் என்பதில் சுந்தரவல்லிக்குச் சந்தேகமே இல்லை. அதனால் ஆளை மாற்றிவிட்டாள். குப்பத்து வீடுகளில் போய்க் கேட்பது முகாமைச் சேர்ந்த ஜெசிந்தா, மன்னார்க்காரி. முகாமில் போய்க் கேட்பது குப்பத்து முனியம்மா. இந்த யோசனையைச் சென்னைக் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் பல நாள் அவள் காதிலேயே இருந்தது.

கேட்டு வந்த பதில்தான் விசித்திரம். எல்லா வீட்டிலும் இரண்டு வேளையும் சாப்பாடு. ஒரு குறையும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. முனியம்மா புருஷன் காசிமேட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிறவன், இப்போது வீட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் வயிறு நிறைகிறதாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? நிறைகிறது என்றால் நிறையட்டும் என்று சித்திரையிலிருந்து குப்பத்து அரிசியை நிறுத்திவிட்டாள். அடுத்து முகாம் அரிசியையும் பாதியாகக் குறைப்பது என்று பேச்சு. ஒருத்தராவது வந்து சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒரு ஆள் வரவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

இப்போது காக்கை வந்து கணக்கைத் தீர்த்துவைத்தது. ஜெசிந்தா முகாம் அரிசியைக் குப்பத்துக்கு விற்கிறாள். அதனால்தான் இங்கே பசியில்லை, அங்கே புகாரில்லை. விசாரிக்கப் போகிறேன் என்று வீடு வீடாய் நுழைகிறவளுக்கு இதைவிட வசதி வேண்டுமா? தினமும் மத்தியானம் துண்டு போட்டு மூடிய தூக்குவாளியோடு வேலிச் சந்தில் அவள் போவதை அறக்கட்டளை வண்டியின் டிரைவர்கூடப் பார்த்திருக்கிறான். "வாளியில என்ன?" என்று ஒரு நாள் சுந்தரவல்லியே கேட்டதற்கு, "சும்மாதான் மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். சும்மா எதற்கு மூடி?

சுந்தரவல்லி கடப்பாக்கம் எஸ்டிடி பூத்துக்குப் போய் முகாம் அதிகாரிக்குப் போன் போட்டாள். முகாம் அரிசி வெளியே போனால் அந்தக் குடும்பத்தின் பதிவே ரத்தாகும், ரேஷனும் இல்லை, இருக்க இடமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்குப் புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்றும் தெரியும். தெரிந்தேதான் போட்டாள். பாவம் பார்த்தால் திட்டம் நடத்த முடியுமா?

மத்தியானம் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. பையில் இருந்த தயிர்சாதத்தைப் பிரிக்கக்கூட மனசில்லை. வேலிச் சந்தில் ஜெசிந்தா வந்தாள். இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்தாள். முனியம்மா வாசலில் தயாராக நின்றாள். ஒரு வாளி கை மாறியது. இன்னொரு வாளி திரும்பி வந்தது.

"அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும்."

ஜெசிந்தாவின் முகம் செத்துப்போயிற்று. முனியம்மா வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"குடு இப்படி."

"வேணாம் மேடம், வுட்ருங்க."

சுந்தரவல்லி பிடுங்கித் திறந்தாள். சிவப்புக் கஞ்சி. கஞ்சி என்பதுகூட மரியாதைக்குத்தான். தண்ணீருக்கு அடியில் கொஞ்சம் பருக்கை கிடந்தது. இதை எவன் விலை கொடுத்து வாங்குவான்? ஜெசிந்தாவின் கையிலிருந்த வாளியையும் வாங்கித் திறந்தாள். அதில் முருங்கைக்கீரை ஒரு பிடி.

"என்ன இது?"

"வெறும் வாளிய எப்டி மேடம் திருப்பிக் குடுக்கறது?" என்றாள் முனியம்மா. "மின்னயெல்லாம் இவ எதுனா குடுத்தா மீனு போட்டுக் குடுப்பேன். இப்ப எங்க போறது மீனுக்கு. மரத்துல கீரை கீது, அத்தப் போட்டேன்."

"இரண்டு வேளையும் சாப்பிடறோம்னு சொன்னியே. ஜெசிந்தாகிட்டதானே சொன்னே?"

முனியம்மா ஜெசிந்தாவைப் பார்த்தாள். "நாட்டையே வுட்டுட்டு வந்துகிறா மேடம். அவ வந்து சாப்டியாக்கான்னு கேக்கறா. அவகிட்ட போயி பட்டினின்னா சொல்லுவாங்க? சாப்டாச்சுன்னுதான் சொல்லணும்."

"நீ என்ன, அதை நம்பிட்டியா?" என்று ஜெசிந்தாவிடம் திரும்பினாள்.

"நம்பேல்லை மேடம். அடுப்பு மூட்டாமலே கிடந்தது. ஆனா அக்கா வாயால சொன்னதை நான் எப்பிடிப் பொய்யெண்டு சொல்லுறது? அதான் கொண்டுவந்தனான்."

"உங்க முகாம்ல?"

"அங்கயும் அக்காதானே கேட்டவ. இந்தச் சனத்தின்ர மண்ணில இருந்துகொண்டு அவையிட்டயே பசிக்குது எண்டு சொல்லுறதோ? வடிவா, வயிறு நிறையச் சாப்பிட்டம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை."

சுந்தரவல்லி இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரவர் பக்கத்து ஆள் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள். மரியாதை பார்க்க வேண்டிய ஆளைக் கேள்வி கேட்க அனுப்பியது யார்? ஊரையெல்லாம் புளுகு மூட்டை என்றவளுக்கு அந்தப் புளுகு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதற்கும் மேலே, போன் ஞாபகம் வந்து பயமாக இருந்தது.

பயந்தபடியே சவுக்குத் தோப்பு வழியாக ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார்.

"இவங்கதானா மேடம்?"

"இல்லை சார், நான் தப்பா நினைச்சுட்டேன். விக்கறதெல்லாம் இல்லை. கஞ்சிதான்."

"முகாம் அரிசிக் கஞ்சியா?"

பிறந்ததிலிருந்து அடுத்தவர் பொய்யைத் தேடியே பழகிவிட்டவளுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு பொய் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. திறந்த வாளி அவள் கையிலேயே இருந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"அரிசி வெளிய வந்திருக்குங்களே மேடம். நீங்க சொல்றதை எழுதிக் குடுங்க, வெச்சுப் பாப்பாங்க. இப்ப விசாரணைக்கு வந்துதான் ஆகணும்."

ஜெசிந்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முனியம்மாவைப் பார்த்தாள். "அக்கா, விளையாடப் போன பிள்ளையள் வருங்கள். நான் எப்ப வருவனோ தெரியாது."

"வரட்டும், இங்கயே இட்டாந்துக்கறேன்," என்றாள் முனியம்மா. "வூட்ல அரிசி நெறைய கீது. நீ இன்னாத்துக்குக் கவலப்படற? போயிட்டு வா."

ஜெசிந்தா தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஜீப் திரும்பிப் போன பிறகு முனியம்மா வந்து சுந்தரவல்லியின் கையிலிருந்த கஞ்சி வாளியை வாங்கி, மூடியைப் போட்டு, பிள்ளைகளுக்கென்று உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.