கொத்திய கல்லின் முதல் மாவு

மாவு மில்லில் அரைக்கும் கல் மழுங்கினால் கழற்றி உளியால் கொத்த வேண்டும். திரும்ப மாட்டியதும் கொஞ்சம் கழிவுக் கோதுமையைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். கல்லின் பொடி அதோடு போய்விடும். மில்காரத் தம்பிக்கு இது தெரியும்.

அன்று கழிவுக் கோதுமை தீர்ந்திருந்தது. வரிசையில் வெளியாட்களின் டப்பாக்கள் இருந்தன. நடுவில் அவனுடைய அக்காவின் கோதுமை மூட்டை. அதைப் பிரித்து மேல் தொட்டியில் கொட்டினான்.

அக்கா மாணவர் விடுதிக்கு மாவு கொடுத்துவந்தாள். கோதுமையைக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, உட்கார்ந்து கல் பொறுக்கி, தம்பியிடம் அரைத்துக் கொடுப்பாள். புருஷன் போன பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான்.

விடுதியில் ரொட்டி பல்லில் நறநறத்தது. பையன்கள் தட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். சமையல் மேஸ்திரி மிச்ச மாவைத் திருப்பி அனுப்பினார். இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

அக்கா ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். மூட்டையோடு மில்லுக்குப் போனாள்.

"கல்லு கொத்துனியா?"

தம்பி மறைக்கவில்லை. தலையாட்டினான். இமையில் மாவு படிந்திருந்தது.

"முதல்ல என்னோடதப் போட்டியா?"

"வெளியாளோடதப் போட்டா சண்டைக்கு வருவான்கா. நீ நம்ம ஆளு. சலிச்சுக்குவேன்னு நெனச்சேன்."

பொடி எந்தச் சல்லடையில் நிற்கும் என்று அவள் கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். தானே போய் மேஸ்திரியிடம் பேசுவதாகச் சொன்னான். அவளுக்குப் பாதி உயிர் வந்தது. அவன் வரும்வரை மில்லைப் பார்த்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

தம்பி சிரித்த முகமாகத் திரும்பினான். காரியம் முடிந்தது என்றான். விடுதிக்கு இனி மாவு மில்லிலிருந்தே போகும். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, கல் பொறுக்கத் தெரியவில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னதையும் அவனே சொன்னான்.

அவள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? மில்லுல தப்புன்னா நாளைக்கு எவன் வருவான்? யாரோ கொண்டுபோறதுக்கு, இந்த வியாபாரம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டுமே."

டப்பாவுக்குக் காத்திருந்த பெண்மணி, கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாள்.

தம்பி மோட்டாரைப் போட்டான். பெல்ட் இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னான்.

"காலைல வந்துடு. விடுதிக் கோதுமையப் பொறுக்கணும். உன்ன மாதிரி வேற யாரு சுத்தமாப் பொறுக்குவா?"

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே."

அவன் கேட்டுச் சிரித்தான். நல்ல தமாஷ் என்று அந்தப் பெண்மணியிடமும் சொன்னான்.

காலையில் அக்கா போனாள். போக வேறு இடம் இல்லை.